ஓ0-வில் ஓடுகிறது, ஓ2-வில் லாக் பூட்டவே மாட்டேன் என்கிறது

#1 | பொழுதுபோக்குக்கர்னல்

வணக்கம். சில மாதங்களாக இரவில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு குட்டி கர்னல் (இயங்குதளத்தின் கரு) எழுதிக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்86-64, கியூஎமு என்கிற போலிக் கணினி மென்பொருளில் 4 கோர், ஜிசிசி கம்பைலர். நேற்று ஸ்பின்லாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு) மாட்டிக்கொண்டேன்.

லாக் எடுக்க, சி கோடுக்குள்ளேயே எழுதும் இன்லைன் அசெம்பிளிதான். லாக்கின் முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) கொடுக்கிறேன் (“ஆர்” கட்டுப்பாடு). எக்ஸ்சேஞ்ச் கட்டளையால் அந்த இடத்தில் 1-ஐப் போட்டுப் பழைய மதிப்பை எடுத்துக்கொள்கிறேன். பழையது 0 என்றால் லாக் என்னுடையது. இல்லையென்றால் சற்றே நிற்கச் சொல்லும் ஒரு பாஸ் கட்டளை, மறுபடி முயற்சி. விடும்போது அதே முகவரியில் 0 எழுதும் ஒரு மூவ். இரண்டு அசெம்பிளிக்கும் வாலட்டைல் போட்டிருக்கிறேன். கிளாபர் பட்டியல் (அசெம்பிளி வேறு எவற்றை மாற்றும் என்று கம்பைலருக்குச் சொல்வது) காலி.

சோதனை: ஒரு குளோபல் எண்ணி. நான்கு கோரும் ஆளுக்கு 1,00,000 முறை லாக் எடுத்து, எண்ணியை ஒன்று கூட்டி, லாக்கை விட வேண்டும். கடைசியில் 4,00,000 வர வேண்டும். ஓ0-வில் (கம்பைலர் மேம்படுத்தல் அணைந்த நிலை) எப்போதும் சரியாக வருகிறது. ஓ2-வில் (கம்பைலர் வேகத்துக்காகக் கோடை மாற்றியமைக்கும் நிலை) 1,00,000 வருகிறது, சில நேரம் 2,00,000, ஒரே ஒருமுறை 3,00,000. எக்ஸ்சேஞ்ச் தானாகவே பஸ்ஸைப் பூட்டும் என்றுதானே இன்டெல் கையேடு சொல்கிறது? கியூஎமு பிழையாக இருக்குமா?

#2 | நடுநிசிடீபக்கர்

கியூஎமுவைச் சந்தேகப்படும் முன் ஒரு கேள்வி. வரும் விடை எல்லாமே முழு லட்சமா? 1,87,432 மாதிரி சில்லறையோடு எப்போதாவது வந்ததா?

#3 | பொழுதுபோக்குக்கர்னல்

இல்லை. ஐம்பது முறையாவது ஓட்டியிருப்பேன். எல்லாம் முழு லட்சம்தான். இப்போது நீங்கள் கேட்ட பிறகுதான் அது விசித்திரமாகப் படுகிறது.

#4 | நடுநிசிடீபக்கர்

அதுதான் துப்பு. லாக் உண்மையிலேயே பூட்டவில்லை, நான்கு கோரும் ஒவ்வொரு கூட்டலிலும் மோதிக்கொள்கின்றன என்றால் விடை கன்னாபின்னாவென்று இருக்கும். முழு லட்சமாகவே வருகிறது என்றால், ஒவ்வொரு கோரும் எண்ணியை ஒரே ஒருமுறை படித்து ஒரே ஒருமுறை எழுதுகிறது என்று அர்த்தம். உங்கள் லாக் வேலை செய்கிறது. அதற்குள் நடக்க வேண்டிய வேலைதான் வெளியே போய்விட்டது. டிஸ்அசெம்பிளி (கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள்.

#5 | பொழுதுபோக்குக்கர்னல்

பார்த்தேன். தலை சுற்றுகிறது. கைபேசியிலிருந்து எழுதுவதால் கட்டளைகளைச் சொல்லாகவே தருகிறேன்:

எண்ணியை ரெஜிஸ்டரில் ஏற்று
சுற்று:
  லாக் எடு (என் அசெம்பிளி)
  லாக் விடு (என் அசெம்பிளி)
  1,00,000 ஆகவில்லையென்றால் சுற்றுக்குப் போ
ரெஜிஸ்டரோடு 1,00,000 கூட்டு
எண்ணியில் எழுது

லாக்கை லட்சம் முறை எடுத்து லட்சம் முறை விடுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை! வாலட்டைல் போட்டும் எப்படி?

#6 | பழையபஞ்சாங்கம்

தம்பி, வீட்டைப் பூட்டுவதற்கு முன்பே அண்டாவைத் தூக்கித் திண்ணையில் வைத்தாயிற்று. அப்புறம் லட்சம் முறை பூட்டினால் என்ன, திறந்தால் என்ன.

இதில் கம்பைலர் மேல் தப்பில்லை. அது உங்கள் அசெம்பிளிச் சரத்தைப் படிப்பதில்லை. எக்ஸ்சேஞ்ச் என்று எழுதியிருக்கிறதா, ஒன்றும் செய்யாத வெறும் நாப் என்று எழுதியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது, அசெம்பிளருக்குத்தான் தெரியும். நீங்கள் முக்காற்புள்ளிகளுக்குப் பின்னால் எழுதும் பட்டியல்தான் உங்களுக்கும் அதற்கும் உள்ள ஒப்பந்தம். அதில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? ‘ஒரு ரெஜிஸ்டரில் ஒரு முகவரி தருகிறேன்.’ அவ்வளவுதான். அந்த முகவரியில் இருப்பதைப் படிப்பேன், மாற்றுவேன் என்று எங்கும் சொல்லவில்லை. முகவரியைக் கொடுப்பது வேறு, அந்த இடத்தைத் தொடுகிறேன் என்று சொல்வது வேறு. ஆக, இந்த அசெம்பிளி மெமரியையே தொடவில்லை என்று கம்பைலர் எடுத்துக்கொண்டது. சுற்றுக்குள் எண்ணியை வேறு யாரும் தொடவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடுகிறது, மொத்தம் லட்சம் சுற்று, ஆகவே கடைசியில் லட்சத்தைக் கூட்டினால் போதும். ஒரே கோரில் ஓடும் நிரலுக்கு இது கச்சிதமான கணக்கு.

வாலட்டைல் என்ன செய்கிறது? ‘இந்த அசெம்பிளியைத் தூக்கி எறியாதே, சொன்ன எண்ணிக்கைக்கு ஓட்டு’ என்கிறது. அதைச் செய்திருக்கிறது பாருங்கள், லட்சம் முறை ஓட்டியிருக்கிறது. மற்ற வாலட்டைல் வேலைகளோடு வரிசையும் காப்பாற்றப்படும். ஆனால் சாதாரண மெமரி வாசிப்பும் எழுத்தும் அதைத் தாண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகக்கூடாது என்று அது சொல்வதே இல்லை. ஜிசிசி கையேட்டிலேயே, வாலட்டைல் அசெம்பிளியைக்கூட மற்ற கோடுக்கு முன்பின்னாக நகர்த்தலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

நீங்கள் சொல்ல மறந்தது “மெமரி” கிளாபர். ‘இந்த அசெம்பிளி, பட்டியலில் இல்லாத எந்த மெமரியையும் படிக்கலாம், எழுதலாம்’ என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்ததும் கம்பைலர் ரெஜிஸ்டரில் பிடித்து வைத்திருக்கும் மாற்றங்களை அசெம்பிளிக்கு முன்பே மெமரியில் எழுதிவிடும். பிறகு வேண்டுமென்றால் மறுபடி மெமரியிலிருந்துதான் படிக்கும். லினக்ஸில் பேரியர் (மெமரி வேலைகள் தாண்டக்கூடாத தடுப்பு) என்கிற மேக்ரோ இதுதான்: காலியான அசெம்பிளிச் சரம், வாலட்டைல், மெமரி கிளாபர். ஒரு பைட் கட்டளைகூட உருவாகாது.

லாக் எடுக்கும் இடம், விடும் இடம், இரண்டிலும் போடுங்கள். எடுக்கும் இடத்தில் மட்டும் போட்டுவிட்டு விடும் இடத்தில் மறப்பவர்கள் நிறையப் பேர். அப்படி மறந்தால் உள்ளே எழுத வேண்டியது லாக்கை விட்ட பிறகு எழுதப்படலாம்.

#7 | அரைவேக்காடு

இவ்வளவு எதற்கு? எண்ணியை வாலட்டைல் ஆக்கிவிட்டால் முடிந்தது. நான் மைக்ரோகண்ட்ரோலரில் அப்படித்தான் செய்வேன்.

#8 | நடுநிசிடீபக்கர்

ஒரு எண்ணிக்குச் சரி. நாளைக்கு அதே லாக்குக்குள் ஒரு லிங்க்டு லிஸ்ட் வரும். அதன் ஒவ்வொரு நோடும், ஒவ்வொரு பாயிண்டரும் வாலட்டைலா? ஒன்றை விட்டாலும் பழைய கதைதான். லாக்குக்குள் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்பதுதானே லாக்கின் பயனே. அங்கே கம்பைலர் தாராளமாக ரெஜிஸ்டரில் வைத்து வேலை செய்யட்டும். வாலட்டைல் அந்தச் சுதந்திரத்தையும் பிடுங்கிவிடும். 2007-இலேயே லினக்ஸ் ஆவணங்களில், கர்னலில் வாலட்டைல் ஏன் கூடாது என்று தனியாக ஒரு பக்கம் சேர்த்துவிட்டார்கள். காவல் எல்லையில் இருந்தால் போதும், வீட்டுக்குள் ஒவ்வொரு அலமாரிக்கும் வேண்டாம்.

மைக்ரோகண்ட்ரோலரில் வன்பொருள் ரெஜிஸ்டரைப் படிக்க வாலட்டைல் சரியான கருவிதான். அதை மறுக்கவில்லை.

#9 | பொழுதுபோக்குக்கர்னல்

இதற்கிடையே நான் ஒன்று செய்து பார்த்தேன். கிளாபர் போடவில்லை. முகவரியை “ஆர்” ஆகக் கொடுப்பதற்குப் பதில் லாக் மாறியையே “+எம்” ஆகக் கொடுத்தேன். 4,00,000 வந்துவிட்டது! பத்து முறை ஓட்டினேன். அப்படியென்றால் கிளாபர் கட்டாயமில்லையா?

#10 | பழையபஞ்சாங்கம்

“+எம்” போட்டது நல்லது, அது வேண்டியதுதான். ஆனால் அது என்ன சொல்கிறது? ‘லாக் என்கிற இந்த நான்கு பைட்டைப் படித்து எழுதுகிறேன்.’ எண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது ஜிசிசி பயந்து ஒதுங்கி எண்ணியைத் தொடாமல் விட்டிருக்கிறது. அது அதன் தயவு. அடுத்த பதிப்பிலோ, கிளாங் கம்பைலரிலோ, சுற்றின் வடிவம் கொஞ்சம் மாறினாலோ அந்தத் தயவு தொடரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

இந்த மாதிரி அதிர்ஷ்டத்தில் லினக்ஸே பல வருடம் ஓடியிருக்கிறது. 32 பிட் எக்ஸ்86-இன் பழைய ஸ்பின்லாக்கில் 1 என்றால் திறந்திருக்கிறது. எடுப்பவர் லாக் முன்னொட்டோடு (மற்ற கோர்கள் நடுவில் குறுக்கிடாதபடி) ஒன்றைக் குறைப்பார், எதிர்மறையானால் காத்திருப்பார். ஒன்றைக் குறைப்பது என்றால் பழைய மதிப்பைப் படித்தாக வேண்டுமல்லவா? ஆனால் கட்டுப்பாட்டில் எழுதியிருந்தது “=எம்”. அதாவது ‘பழைய மதிப்பு எனக்கு வேண்டாம், மேலே எழுதிவிடுவேன்.’ அப்பட்டமான பொய். கம்பைலர் அதை நம்பி, லாக்கில் முதலில் வைத்த 1-ஐ வீண் எழுத்து என்று நீக்கியிருந்தாலும் கேட்க முடியாது. 2006 ஜூலையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இவற்றையெல்லாம் “+எம்” ஆக மாற்றினார். அதுவரை காப்பாற்றியது எது தெரியுமா? அந்த மாறிகளின் மேல் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த வாலட்டைல். அரைவேக்காடு சந்தோஷப்படலாம்.

#11 | அரைவேக்காடு

பட்டேன்.

#12 | ஆர்ம்காரன்

எல்லோரும் கம்பைலரோடு நிற்கிறீர்கள். இன்னொரு பாதி இருக்கிறது.

மெமரி கிளாபர் கம்பைலரின் கையை மட்டும்தான் கட்டும். பிராசசருக்கு அது தெரியவே தெரியாது, அதற்காகத்தான் எந்தக் கட்டளையும் உருவாகவில்லையே. எக்ஸ்86-இல் உங்களுக்கு இது உறைக்காது, காரணம் அந்த வன்பொருள் மிகவும் ஒழுக்கமானது. மெமரியில் எழுதும் வரிசை மாறாது, படிக்கும் வரிசை மாறாது, முன்னால் உள்ள வாசிப்பைத் தாண்டி எழுத்து போகாது. முன்னால் ஒரு எழுத்து ஸ்டோர் பஃபரில் (மெமரிக்குப் போகும் முன் எழுத்துகள் காத்திருக்கும் இடம்) காத்திருக்கும்போது பின்னால் வரும் வேறொரு இடத்தின் வாசிப்பு முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். எடுக்கும்போது வரும் எக்ஸ்சேஞ்ச் முழு பேரியர். விடும்போது சாதாரண மூவ் போதும்.

‘போதும்’ என்று இப்போது எளிதாகச் சொல்கிறேன். 1999 கடைசியில் லினக்ஸ் உருவாக்குநர்களிடையே இதற்கே பெரிய சண்டை. விடுவதற்கு லாக் முன்னொட்டு வேண்டுமா, வெறும் மூவ் போதுமா என்று. போதாது என்று முதலில் அடித்துச் சொன்னவர் லினஸ். இன்டெல் பொறியாளர் ஒருவர் வந்து, எங்கள் சில்லுகளில் அது செல்லும் என்று விளக்கிய பிறகு இறங்கி வந்தார். அப்போதும் பென்டியம் புரோவின் சில பிழைகளுக்காக ஒரு விதிவிலக்கு: அந்தக் கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தால் விடுவதற்கும் எக்ஸ்சேஞ்ச். அந்த விதிவிலக்கை 2018-இல்தான் தூக்கினார்கள்.

இதே லாக்கை ஆர்ம்64-க்கு (64 பிட் ஆர்ம் பிராசசர்) கொண்டுபோய்ப் பாருங்கள். கிளாபர் எல்லாம் சரியாக இருக்கும், டிஸ்அசெம்பிளியும் பார்க்க அழகாக இருக்கும், எண்ணி மட்டும் குறையும். இந்த முறை சில்லறையோடு. அங்கே எடுக்கும்போது அக்கொயர் வகை வாசிப்பு வேண்டும் (எல்டிஏஎக்ஸ்ஆர்), விடும்போது ரிலீஸ் வகை எழுத்து (எஸ்டிஎல்ஆர்). எலிப்பொறி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே உள்ளது லாக்குக்குள் வரலாம், உள்ளே உள்ளது வெளியே போகக்கூடாது.

அந்த எலிப்பொறியிலும் ஒரு வேடிக்கை. லாக் முன் ஒரு வேலை, லாக் பின் ஒரு வேலை இருந்தால், இரண்டுமே உள்ளே வரலாம். உள்ளே வந்த பிறகு ஒன்றையொன்று தாண்டலாம்! லாக்குக்கு அது பரவாயில்லை. ஆனால் மதிப்பைத் திருப்பித் தரும் அணுச் செயல்கள் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாதவை) முழு பேரியராக இருக்க வேண்டும் என்பது லினக்ஸின் விதி. ஆர்ம்64-இல் முதலில் அதை அக்கொயர்–ரிலீஸ் ஜோடியாலேயே எழுதியிருந்தார்கள். அது முழு பேரியர் ஆகாது என்று கண்டு, 2014-இல் பின்னால் டிஎம்பி என்கிற மெமரி பேரியர் கட்டளை ஒன்றைச் சேர்த்துத் திருத்தினார்கள். எழுதியவர்கள் ஆர்ம் கட்டமைப்பைக் கரைத்துக் குடித்தவர்கள். நாமெல்லாம் எம்மாத்திரம்.

#13 | சும்மாவாசிப்பவள்

இத்தனை நாள் வாசிக்க மட்டும் வந்தவள், ஒன்று கேட்கிறேன். எங்கள் போர்டில் ஒரே கோர். ஒரே கோர் கர்னலில் ஸ்பின்லாக் காலியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் எனக்கு இந்தத் தலைவலியே இல்லைதானே?

#14 | நடுநிசிடீபக்கர்

அக்கா, உங்களுக்காகவே ஒரு கதை இருக்கிறது. இந்த இழையில் நான் எழுத நினைத்ததே இதைத்தான்.

2013, லினக்ஸ் 3.9 வெளிவரும் சமயம். சினாப்சிஸின் ஆர்க் பிராசசர். ஒரே கோர், ப்ரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) எண்ணிக்கையும் கிடையாது. அழுத்தச் சோதனையில் டைமர் கோடில் அவ்வப்போது விழுகிறது. எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

டைமரை மாற்றும் ஃபங்ஷன், லாக் எடுக்கும் முன்பே ‘இந்த டைமர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா’ என்று ஒருமுறை எட்டிப் பார்க்கும். அதற்காகப் பட்டியலின் பாயிண்டர் ஒன்றை ரெஜிஸ்டரில் படிக்கிறது. சரியாக அந்த இடைவெளியில் ஒரு இன்டர்ரப்ட் (ஓடும் கோடை நிறுத்தி வன்பொருள் கூப்பிடுவது). அங்கே பக்கத்து டைமர் மாற்றப்படுகிறது, பட்டியலின் கண்ணிகள் மாறுகின்றன. திரும்பி வந்ததும் நமது ஃபங்ஷன் இன்டர்ரப்டை அணைத்து லாக் எடுக்கிறது. இப்போது பாயிண்டரை மறுபடி படிக்க வேண்டும். ஆனால் படிக்கவில்லை. ஆர்க்கில் ரெஜிஸ்டர்கள் தாராளம், முன்பு படித்தது இன்னும் ரெஜிஸ்டரில் பத்திரமாக இருக்கிறது, அதையே எடுத்துப் பட்டியலைத் தைக்கிறது. பட்டியல் நாசம்.

ஏன் மறுபடி படிக்கவில்லை? ஒரே கோரில் ஸ்பின்லாக் காலி. ப்ரீஎம்ப்டை முடக்குவதும் அந்தக் கட்டமைப்பில் காலி. மிச்சமிருந்தது இன்டர்ரப்டை அணைக்கும் இன்லைன் அசெம்பிளி ஒன்றுதான். அதில் மெமரி கிளாபர் இல்லை. மூன்று சுவர்களில் இரண்டு வெறும் படம், மூன்றாவதில் ஓட்டை. வன்பொருளில் இன்டர்ரப்ட் சரியாகவே அணைந்தது. கம்பைலருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஆர்க் தரப்பில் அந்தக் கிளாபரைச் சேர்த்தார்கள். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக லினஸ் பொதுக் கோடிலும் ஒரு மாற்றம் செய்தார்: ஒரே கோர் ஸ்பின்லாக்கும் ப்ரீஎம்ப்ட் முடக்கமும் கட்டளை எதுவும் உருவாக்காவிட்டாலும் குறைந்தது கம்பைலர் பேரியராகவாவது இருக்க வேண்டும். அவர் கவலைப்பட்டது இன்னொன்றுக்காக. பயனர் மெமரியைப் படிக்கும் கெட்-யூசர் போன்றவை இன்லைன் அசெம்பிளிதான். அவை பேஜ் ஃபால்ட் ஆகி (கேட்ட பக்கம் மெமரியில் இல்லாமல்) தூங்கப் போகலாம். கம்பைலர் அதை நகர்த்தி லாக்குக்குள் கொண்டு வைத்துவிட்டால்? அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் நடந்தால் கண்டுபிடிக்கவே முடியாது என்பதற்காகவே அடைத்தார்.

ஆகவே உங்கள் ஒரே கோரிலும் தலைவலி உண்டு. அங்கே எதிரி இன்னொரு கோர் அல்ல, உங்கள் இன்டர்ரப்ட்.

#15 | சும்மாவாசிப்பவள்

உடனே எங்கள் போர்டின் இன்டர்ரப்ட் மேக்ரோக்களைத் திறந்து பார்த்தேன். கிளாபர் இருக்கிறது. யாரோ புண்ணியவான்.

#16 | பொழுதுபோக்குக்கர்னல்

கிளாபர் போட்டதும் லோக்கல் மாறிகளும் மெமரிக்குப் போய் வருமா? அப்படியென்றால் வேகம் போய்விடாதா?

#17 | பழையபஞ்சாங்கம்

முகவரி வெளியே போகாத லோக்கல் மாறி ரெஜிஸ்டரிலேயே இருக்கும். எந்த அசெம்பிளியாலும் அதை அடைய வழியில்லை என்று கம்பைலருக்குத் தெரியும். எனவே வேகத்துக்குப் பெரிய சேதமில்லை.

ஆனால் அதே காரணம் வேறொரு இடத்தில் கடித்தது. ரகசியச் சாவி இருந்த லோக்கல் பஃபரை வேலை முடிந்ததும் பூஜ்யத்தால் நிரப்புவார்கள். பிறகு யாரும் படிப்பதில்லை என்பதால் கம்பைலர் அந்த நிரப்புதலையே நீக்கிவிடும். அதைத் தடுக்கப் பின்னால் பேரியர் போட்டிருந்தார்கள். போதவில்லை: பஃபரின் முகவரி அசெம்பிளிக்கே போகவில்லையே. 2015-இல் பாயிண்டரையும் உள்ளீடாகக் கொடுக்கும் பேரியர்-டேட்டா என்கிற மேக்ரோவைச் சேர்த்தார்கள். முகவரியும் வேண்டும், கிளாபரும் வேண்டும்.

#18 | அரைவேக்காடு

முன்பு வேலை பார்த்த இடத்தில் லாக்கைத் தனி அசெம்பிளி கோப்பில் வைத்து ஃபங்ஷனாகக் கூப்பிடுவோம். பத்து வருடம் ஒரு தொல்லையும் வரவில்லை. அப்போது இதெல்லாம் தெரியாமலே தப்பித்தோமா?

#19 | நடுநிசிடீபக்கர்

ஆமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஃபங்ஷன் அழைப்பே ஒரு கம்பைலர் பேரியர். குளோபல் மாறிகளை அது தொட்டிருக்கலாம் என்று கருதித்தான் ஆக வேண்டும். இன்லைன் செய்யும்போதுதான் அந்த இலவசப் பாதுகாப்பு போகும். அந்த லாக் சி கோப்பில் இருந்து, நீங்கள் எல்டிஓ (கோப்புகளை இணைக்கும்போது மொத்தமாக மேம்படுத்துவது) போட்டிருந்தால் அழைப்பு கரைந்து இன்லைன் ஆகலாம். அசெம்பிளி கோப்பென்றால் எல்டிஓவாலும் உள்ளே பார்க்க முடியாது.

#20 | ஆர்ம்காரன்

பொழுதுபோக்குக்கர்னல், கடைசியில் அசெம்பிளியையே விட்டுவிடுங்களேன். ஜிசிசி 4.7-இலிருந்து அணுச் செயல்களுக்கான உள்ளமைந்த ஃபங்ஷன்கள் இருக்கின்றன. அக்கொயரோடு எக்ஸ்சேஞ்ச், ரிலீஸோடு ஸ்டோர் என்று எழுதினால் கம்பைலர் பக்கமும் பிராசசர் பக்கமும் சேர்த்தே முடிந்துவிடும், ஆர்ம்64-க்கும் அப்படியே போகும். லினக்ஸின் இன்றைய எக்ஸ்86 ரிலீஸ் ஸ்டோரைத் திறந்து பாருங்கள்: ஒரு பேரியர், ஒரு எழுத்து, அவ்வளவுதான்.

#21 | பொழுதுபோக்குக்கர்னல்

லாக்கை அப்படியே மாற்றிவிட்டேன். 4,00,000. எண்ணியைக் கூட்டும் கட்டளை இப்போது சரியாக நடுவில் இருக்கிறது. எண்ணியை உள்ளமைந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கவில்லை, வாலட்டைலும் இல்லை.

ஆனால் ஆர்க் கதையைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. கர்னல் முழுக்கத் தேடினேன். இன்டர்ரப்டை அணைக்கும் சிஎல்ஐ, திறக்கும் எஸ்டிஐ, டிஎல்பியில் (பேஜ் டேபிளின் முகவரிப் பதிவுகளைப் பிராசசர் நினைவில் வைக்கும் இடம்) ஒரு பக்கத்தை நீக்கும் இன்விஎல்பிஜி: மூன்றிலும் கிளாபர் காலி. போன மாதம் கீபோர்டு பஃபரில் இரண்டு எழுத்து காணாமல் போனதை நான் கியூஎமு மேல் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

#22 | பழையபஞ்சாங்கம்

மூன்றுக்கும் போடுங்கள், லினக்ஸிலும் மூன்றுக்கும் உண்டு. இன்விஎல்பிஜியில் மறந்தால் பேஜ் டேபிளில் எழுத வேண்டியது டிஎல்பியைத் துடைத்த பிறகு எழுதப்படலாம். கீபோர்டு எழுத்து காணாமல் போவதெல்லாம் அதற்கு முன் தூசு.

#23 | பொழுதுபோக்குக்கர்னல்

போட்டுவிட்டேன். கியூஎமுவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.